மோட்டர்ஹோமுக்குப் பின்னால் கார் கட்டி இழுப்பதா, போன இடத்தில் வாடகைக்குப் பிடிப்பதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி பிறந்தால் கனடா, சுவிஸ், லண்டன் என்று எல்லாத் திக்கிலிருந்தும் சொந்தக்காரர் மட்டக்களப்புக்கு வந்து இறங்குவார்கள். மாமாங்கத் தீர்த்தம், கதிர்காமம், பிள்ளைகளுக்குப் பாசிக்குடா, பெடியன்களுக்கு உல்லையில், அதாவது அறுகம்பேயில், அலைச்சறுக்கு. இப்போது இதில் ஒரு புதுப் பழக்கம் சேர்ந்திருக்கிறது. பழைய கோஸ்டர் பஸ்ஸுக்குள் கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் பூட்டி மோட்டர்ஹோம் ஆக்கி வைத்திருப்பவர்களிடம் வண்டியை எடுத்து, குடும்பத்தோடு கிழக்கைச் சுற்றுவது. வண்டியைச் சுற்றிப் பார்த்து முடிய முன்னமே கேள்வி வரும்: "மச்சான், இதுக்குப் பின்னால காரையும் கட்டி இழுத்திட்டுப் போவமா? அங்க போய்ச் சின்ன இடங்களுக்குப் போக லேசா இருக்கும்."

இவர்கள் கனடாப் பக்கம் பெரிய மோட்டர்ஹோம்களுக்குப் பின்னால் ஒரு ஜீப் நாலு சில்லும் உருள இழுபட்டு வருவதைப் பார்த்துப் பழகியவர்கள். கேட்பதில் பிழையில்லை. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் எங்களில் பலர் விட்ட பிழைகளை அதே வரிசையில் இவர்களும் விடுவதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை. டயருக்குக் காற்றுப் பார், லைட் எரிகிறதா பார் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் வண்டியே எடுக்கக் கூடாது.

வண்டி எத்தனை நாள் ஓரிடத்தில் நிற்கும் என்று பார்க்காமல் முடிவெடுப்பது

எல்லாரும் கேட்பது "எத்தனை நாள் பயணம்?" என்று. கேட்க வேண்டியது "எத்தனை நாள் பெரிய வண்டி நிற்கும்?" என்பது. சின்னக் காருக்கு வேலை இருப்பது பெரிய வண்டி நின்று, ஆட்கள் சுற்றும் நாட்களில் மட்டும்தான். ஒரு கிழமைப் பயணம் என்று வையுங்கள். இன்று பாசிக்குடா, நாளைக்குத் திருகோணமலை, மறுநாள் திரும்பிக் கல்முனைப் பக்கம் என்று பெரும்பாலான நாள் ஓடினால், பின்னால் கட்டிய கார் வெறும் சுமை. அந்தக் கிழமையில் நிற்கிற நாள் இரண்டோ மூன்றோதான் வரும். அந்த இரண்டு மூன்று நாளுக்கு ஓட்டோவோ வானோ பிடிக்கிற காசையும், காருக்கு இரும்புச் சட்டம் பூட்டி, இழுவைக் கம்பி வாங்கி, பின் லைட்டுகளுக்கு வயர் இழுத்து, பிரேக்குக்கு ஒரு ஏற்பாடு செய்கிற காசையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பிறகு கதைப்போம்.

கனடாவில் கணக்கு வேறு. அங்கே மாதக்கணக்கில், ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஓடுகிறார்கள். பின்னால் வருகிற காரை ஓட்ட இன்னொருவர் அவ்வளவு தூரமும் தூக்கம் முழிக்க முடியாது. வண்டி நிற்கிற முகாமிடத்துக்குப் பக்கத்தில் கடையும் இராது, ஓட்டோவும் இராது. எனவே செலவழித்துப் பூட்டுகிறார்கள், பல வருசம் பாவிக்கிறார்கள். அங்கேயும் மோட்டர்ஹோமை வாடகைக்கு எடுத்தவர்களுக்குப் பின்னால் எதையும் இழுக்கப் பெரும்பாலும் அனுமதியில்லை. இது பலருக்குத் தெரியாது.

எங்களுக்கு மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் நூறு கிலோமீற்றரும் கொஞ்சமும். கார் கட்டாயம் வேண்டுமென்றால் ஒரு தம்பியோ மருமகனோ அதை ஓட்டிக்கொண்டு பின்னால் வரட்டும். இந்த ஊரில் பாதிப் பேருக்கு நான் சொல்கிற பதில் இதுதான். கேட்டவுடன் முகம் வாடிப்போகும், ஏனென்றால் இழுத்துக்கொண்டு போவதில் ஒரு எடுப்பு இருக்கிறது.

"நியூட்ரலில போட்டாக் காணும்"

இந்த ஒரு வசனத்தால் நாசமான கார்களை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

களுவாஞ்சிகுடிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று. வெளிநாட்டிலிருந்து வந்த மகன், அப்பாவின் டொயோட்டா அக்குவாவை மோட்டர்ஹோமுக்குப் பின்னால் கட்டுவது என்று முடிவெடுத்தார். கராஜில் முன் பம்பருக்குக் கீழே சட்டம் பூட்டினார்கள். வேலை வடிவான வேலை, வெல்டிங்கில் குறை சொல்ல இடமில்லை. ஓட்டோமெட்டிக் ஹைபிரிட் காராச்சே, இழுக்கலாமா என்று அப்பா ஒருமுறை கேட்டிருக்கிறார். "நியூட்ரலில போட்டாக் காணும்கா, சில்லு சும்மா உருளும்தானே" என்று பதில் வந்திருக்கிறது. அப்பா அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று வரை ஒன்றும் தெரியவில்லை. முன் வண்டியில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? பாட்டுப் போகிறது, பிள்ளைகள் கத்துகிறார்கள், பின் கண்ணாடியில் கார் ஆடாமல் வருகிறது. திருக்கோவில் தாண்டிக் கோமாரிக்குப் போகிற வெளியில் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் முந்தி வந்து, மூக்கைப் பொத்திக் காட்டி, கையைப் பின்னுக்கு ஆட்டியிருக்கிறார். நிற்பாட்டிப் பார்த்தால் பொனட் இடுக்கால் கருகின ஒயில் மணம். திரும்ப ஸ்டார்ட் செய்யப் பார்த்தால் திரையில் சிவப்பு முக்கோணம் நிற்கிறது, 'ரெடி' என்ற எழுத்து வரவேயில்லை. கடைசியில் காரைத் தட்டு லொறியில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். கியர் பொக்ஸுக்கு வந்த பில் முழுப் பயணச் செலவையும் தாண்டிவிட்டது. இதில் என்னைக் கடுப்பாக்குவது அதற்குப் பிறகு நடந்தது: மிச்சம் இரண்டு நாளும் அந்தக் குடும்பம் பொத்துவிலில் ஓட்டோ பிடித்துச் சுற்றியது. ஒரு குறையும் இல்லாமல்.

ஏன் இப்படி ஆகிறது என்று விளங்கினால் ஆளை ஆள் கேட்கத் தேவையில்லை. சாதாரண ஓட்டோமெட்டிக் கியர் பொக்ஸுக்குள் ஒயிலைச் சுற்றவைப்பது ஒரு பம்ப். அந்தப் பம்பைச் சுழற்றுவது எஞ்சின். எஞ்சினை நிற்பாட்டிக் காரை இழுத்தால் சில்லோடு சேர்ந்து கியர் பொக்ஸின் பாதி உள்ளே சுழலும், பம்ப் சும்மா இருக்கும், ஒயில் போகாது. உலோகத்தோடு உலோகம் தேய்ந்து சூடேறும். வகன் ஆர் போன்ற கார்களில் இருக்கிற சிவிடிக்கும், அதாவது பெல்ட்டும் கப்பியும் வைத்த கியர் பொக்ஸுக்கும், இதே கதைதான். நியூட்ரல் எஞ்சினைப் பிரிக்கிறதே தவிர, சில்லிலிருந்து உள்ளே வருகிற சுழற்சியைப் பிரிப்பதில்லை.

அக்குவா, பிரியஸ் மாதிரி ஹைபிரிட்டில் நிலைமை இன்னும் மோசம். அதில் முன் சில்லுகளும் ஒரு மின் மோட்டரும் நிரந்தரமாகப் பிணைந்திருக்கின்றன. இடையில் பிரிக்கிற கிளச் ஒன்றும் இல்லை. நீங்கள் போடுகிற 'என்', அதாவது நியூட்ரல், வெறும் மின்சாரக் கட்டளை. சில்லு உருண்டால் அந்த மோட்டர் சுழன்றே தீரும், சுழன்றால் மின்சாரம் பிறக்கும். எஞ்சின் நிற்கும்போது உள்ளே இருக்கிற இரண்டாவது மோட்டரும் சேர்ந்து வேகமாகச் சுற்றும். இவ்வளவும் ஒயில் பம்ப் ஓடாமல். முன் சில்லு நிலத்தில் பட இழுக்க வேண்டாம் என்று டொயோட்டாவின் கையேட்டிலேயே இருக்கிறது. ஜப்பானிலிருந்து நேரே வந்த கார் என்றால் கையேடு ஜப்பான் மொழியில் டாஷ்போர்ட் பெட்டிக்குள் கிடக்கும். அதை விரித்துப் பார்த்தவர் யாரும் இல்லை. போனை மேலே பிடித்து மொழிபெயர்க்க இப்போது அஞ்சு நிமிடம்.

அப்போ எதை இழுக்கலாம்? முன் சில்லு இழுக்கிற கார் என்றால் முன் சில்லு இரண்டையும் தூக்கி டொலியில், அதாவது இரண்டு சில்லு வைத்த சின்ன இழுவைத் தட்டில், வைத்து, பின் சில்லை உருளவிடலாம். ஹான்ட் பிரேக்கை விட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அதை மறந்தால் பின் பிரேக் எரிந்துவிடும். பின் சில்லு இழுக்கிற ஓட்டோமெட்டிக் என்றால் பின் பக்கத்தைத் தூக்கவேண்டும். நாலு சில்லும் இழுக்கிற வண்டி என்றால், ஹொண்டா வெஸலின் நாலு சில்லு மொடல் உட்பட, முழுதாகத் தட்டில் ஏறவேண்டும். கையால் கியர் மாற்றுகிற கார்கள் பலவற்றை நியூட்ரலில் உருளவிடலாம், ஆனால் எல்லாவற்றையும் இல்லை. கையேடு சொன்னால் சரி. கனடாக்காரர்கள் ஜீப் ரங்லரைப் பின்னால் கட்டுவது ஸ்டைலுக்கு என்று நினைக்காதீர்கள். அதில் முன் பின் சில்லுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கே தனியாக ஒரு நியூட்ரல் இருக்கிறது, அதைப் போட்டால் சில்லுக்கும் கியர் பொக்ஸுக்கும் தொடர்பு அறுந்துவிடும். ஜீப்பைப் பார்த்துவிட்டு வந்து அக்குவாவைக் கட்டினால் இப்படித்தான்.

பின்னுக்கு எடுக்க முடியாது

நாலு சில்லும் நிலத்தில் உருள இழுக்கிறவர்களும் டொலிக்காரர்களும் ஒரு விசயத்தைப் பயணம் தொடங்கின பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள்: றிவர்ஸ் கிடையாது. ஒன்றிரண்டு முழம் பின்னுக்கு எடுத்தாலே காரின் முன் சில்லு குறுக்கே திரும்பி, சட்டத்தை நெளிக்கப் பார்க்கும். இங்கே கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கைகளில் பாதி மணலில் போய் முடிகிறது. கல்லடியிலேயே இப்படி மாட்டியவர்கள் உண்டு. முன்னால் கடல், பின்னால் கார், ஒரு பக்கம் மதில். கழற்றித்தான் ஆகவேண்டும். அந்த நேரத்தில் வண்டி வளைந்து நிற்பதால் இழுவைக் கம்பியைப் பூட்டுகிற ஆணி இறுகி, கையால் இழுத்தால் அசையாது. நாலு பேர் காரைத் தள்ள, ஒருவர் சுத்தியலால் கீழே இருந்து தட்ட, சனம் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லும். வளைவில் நின்றாலும் இறுகாத பூட்டோடு இழுவைக் கம்பிகள் விற்கிறார்கள், விலை கூட. நீங்கள் இழுக்கத்தான் போகிறீர்கள் என்றால் அந்த விலையில் மிச்சம் பிடிக்க வேண்டாம். புது இடத்துக்குள் வண்டியை விட முன் ஒருவர் இறங்கி நடந்து போய், திரும்ப இடமிருக்கிறதா என்று பார்த்து வரட்டும்.

கயிறு

வேண்டாம். கயிற்றால் இழுபடுகிற காரில் எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவி போய்விடும், ஸ்டியரிங் இறுகும், திறப்பைக் கழற்றினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

லைசன்ஸும் இன்சூரன்ஸும்

இழுவை சேர்ந்தால் லைசன்ஸ் வகுப்பு மாறலாம். கட்டுமுன் கேளுங்கள், இன்சூரன்ஸ்காரரிடம் எழுத்தில் கேளுங்கள்.

ஸ்கூட்டரைப் பின்னால் தொங்கவிடுவது

கார் வேண்டாம் என்று தெளிந்தவர்களில் சிலர் அடுத்ததாக இதில் வந்து விழுகிறார்கள். பின் பம்பரில் ஒரு தட்டு அடித்து ஸ்கூட்டரை ஏற்றிவிட்டால் காசும் மிச்சம், இடமும் மிச்சம் என்று. நூறு கிலோ ஸ்கூட்டர், அதைத் தாங்குகிற இரும்பு, இரண்டும் பின் அச்சுக்கு அப்பால் தொங்குகிறது. சீசோப் பலகை மாதிரி, பின்னுக்கு அமர்ந்த பாரம் முன் சில்லைத் தூக்கும். பின் பக்கத்தில் ஏற்கெனவே தண்ணீர்த் தாங்கியும் காஸ் சிலிண்டரும் இருக்கிற வண்டியில், ஸ்டியரிங் இலேசாகிப் போவதைக் கையிலேயே உணரலாம். பின்புறம் அச்சைத் தாண்டி எவ்வளவு நீளம் இருக்கிறதோ அவ்வளவுக்கு இது மோசமாகும். தண்ணீரை முன்னுக்கு மாற்ற முடியாவிட்டால் ஸ்கூட்டரை விட்டுவிடுங்கள்.

வாடகைக்குப் பிடிக்கிறவர்கள் விடுகிற பிழை

இவர்கள் பக்கம் நான் நிற்பதால் இவர்கள் பிழையே விடுவதில்லை என்று எண்ண வேண்டாம்.

முதலாவது, எந்த இடத்துக்கு எந்த வண்டி என்று யோசிக்காமை. உல்லையில் சீசன் மே தொடங்கி செப்டெம்பர், ஒக்டோபர் வரை. அந்தக் காலத்தில் ஓட்டோ, ஸ்கூட்டர், ஜீப் எல்லாம் தெருவிலேயே கிடைக்கும். குமணைத் தேசியப் பூங்காவுக்குப் போக நினைக்கிறவர்களுக்குச் சின்னக் கார் எந்த வகையிலும் உதவாது, சொந்தக் காராக இருந்தாலும் சரி, வாடகைக் காராக இருந்தாலும் சரி. பாணமை தாண்டி உகந்தையில்தான் பூங்காவின் வாசல். உள்ளே போக உயரமான ஜீப் வேண்டும். உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு வான் காணும். லாகுகலைப் பக்கம் பின்னேரத்தில் யானை றோட்டில் நிற்கும் என்பதால், அந்த நேரத்துக்கு ஸ்கூட்டரில் போகிற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

மட்டக்களப்பு நகரைச் சுற்ற, கோட்டை, மாமாங்கம், பாலமீன்மடு வெளிச்சவீடு எல்லாவற்றுக்கும் ஓட்டோ போதும். கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரருக்கு 2014 இல் திறந்த மண்முனைப் பாலத்தால் போகலாம், அதுவும் ஓட்டோத் தூரம்தான். மண்டூர் முருகனுக்குப் பெரிய வண்டியோடு போகிறவர்கள் களுவாஞ்சிகுடியில் திரும்பிப் பட்டிருப்புப் பாலத்தால் போங்கள்.

இரண்டாவது, சாரதி இல்லாமல் கார் வாடகைக்கு எடுப்பவர்கள் ஒப்பந்தத்தை வாசிப்பதில்லை. ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீற்றர் என்று எல்லை இருக்கும், தாண்டினால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் தனிக் காசு. கொழும்பில் எடுத்து மட்டக்களப்புக்கு ஓட்டி வந்தாலே பல நாள் எல்லை தீர்ந்துவிடும். கார் கொழும்பிலிருந்து வரவேண்டியதில்லை. நீங்கள் உதயதேவி ரயிலில் வந்து இறங்கி, இங்கே எடுக்கலாம். வெளிநாட்டு லைசன்ஸை மட்டும் காட்டி ஓட்ட முடியாது, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக அனுமதியை முதலே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாரதியோடு எடுத்தால் அந்தத் தலையிடியும் இல்லை, சாராயம் குடித்த மாமாவும் பத்திரமாக வீடு வருவார்.

மூன்றாவது, விலை. ஓட்டோவில் ஏறிய பிறகு விலை பேசுகிறவர்கள் சீசன் விலைதான் கொடுப்பார்கள். முதல் நாள் இரவே நிற்கிற இடத்துக்குப் பக்கத்து ஓட்டோத் தரிப்பில் ஒருவரைப் பிடித்து, "அண்ணன், நாளைக்குக் காலையில இருந்து பின்னேரம் வரைக்கும், இந்த இந்த இடம், நிண்டு வரவேணும், எவ்வளவு?" என்று முழு நாளுக்கும் ஒரே விலையாகப் பேசுங்கள். மத்தியானச் சாப்பாடு யார் பொறுப்பு என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.