ஆன்டிவைரஸுக்குப் பணம் கட்டும் முன்: வீட்டுக் கணினிக்கு நம்பகமானதைத் தேர்ந்தெடுக்கும் முறை

போன மாம்பழ சீசனில் ஒரு மாலை, காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என் அத்தை போன் செய்தார். குரலே நடுங்கியது. "கண்ணு, கம்ப்யூட்டரில் ஐந்து வைரஸ் இருக்கிறதாம். சந்தா முடிந்துவிட்டதாம். இன்றைக்குள் பணம் கட்டாவிட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்று சிவப்பாக வந்து வந்து போகிறது. மாமாவின் கார்டு நம்பரைப் போட்டுக் கட்டிவிடட்டுமா?"

அத்தை வீட்டுக் கணினியில் இருப்பது மாங்காய் லோடு கணக்கு. எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை டன் தோத்தாபுரி கூழ் ஆலைக்குப் போனது, எந்த விவசாயிக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்தது எல்லாம் அதற்குள்தான். எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தர்மபுரியில் கிருஷ்ணகிரி பஸ் ஏறினேன்.

திரையின் வலது கீழ் மூலையில் அந்தச் சிவப்புப் பெட்டி வந்தது. எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஆன்டிவைரஸின் பெயரும் சின்னமும் பெரிதாக இருந்தன. அதற்கு மேலே பொடி எழுத்தில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன: குரோம் உலாவியின் சின்னம், வாயில் நுழையாத ஓர் இணையதள முகவரி. அந்தப் பெட்டியை அனுப்பியது ஆன்டிவைரஸ் அல்ல, அந்த இணையதளம். அந்த ஆன்டிவைரஸ் அத்தையின் கணினியில் நிறுவப்படவே இல்லை. எப்போதோ ஒரு பக்கத்தில் 'அறிவிப்பு அனுப்பலாமா?' என்று கேட்டபோது அத்தை 'அலவ்' பொத்தானை அழுத்தியிருக்கிறார். குரோம் அமைப்புகளில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'சைட் செட்டிங்ஸ்', அதற்குள் 'நோட்டிபிகேஷன்ஸ்' என்று போய் அந்த முகவரியை நீக்கினேன். இரண்டு நிமிட வேலை. சிவப்புப் பெட்டி அதோடு நின்றது.

பயமுறுத்தி அவசரப்படுத்தும் எதற்கும் பணம் கட்டாதீர்கள். திரையில் போன் நம்பர் வந்தால் அந்த நம்பருக்கு அழைக்கவே அழைக்காதீர்கள். மைக்ரோசாப்டின் உண்மையான எச்சரிக்கைச் செய்திகளில் போன் நம்பர் இருக்காது. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டு, நிதானமாகத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம்.

முதல் படி: ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாப்ட் டிஃபென்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. தனிக் கட்டணம் கிடையாது. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள். கேடயச் சின்னத்தோடு ஒரு பக்கம் திறக்கும். அதில் 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்' பகுதிக்குள் போனால், இப்போது எந்த ஆன்டிவைரஸ் காவலில் இருக்கிறது என்பது தெரியும். கணினி வாங்கியபோது கடைக்காரர் போட்டுக் கொடுத்த ஏதோ ஒன்று காலாவதியாகிப் பெயருக்கு உட்கார்ந்திருப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

டிஃபென்டர்தான் காவலில் இருக்கிறது என்றால் மூன்றைப் பாருங்கள். 'ரியல் டைம் புரொடெக்‌ஷன்' இயக்கத்தில் இருக்க வேண்டும். 'டேம்பர் புரொடெக்‌ஷன்' இயக்கத்தில் இருக்க வேண்டும். காவலை வைரஸே அணைத்துவிடாமல் தடுப்பது இதுதான். கடைசியாகப் புதுப்பித்த தேதி இன்றோ நேற்றோ ஆக இருக்க வேண்டும். பிறகு 'ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்' பகுதியில், வேண்டாத செயலிகளைத் தடுக்கும் வசதியையும் இயக்கிவிடுங்கள். பாட்டு, படம் தேடிப் போகும் வீடுகளில் இது மிகவும் உதவும்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. டிஃபென்டருக்கான வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று சொல்லியிருக்கிறது. ஆனால் விண்டோஸில் புதிதாகத் தெரியவரும் ஓட்டைகளை ஆன்டிவைரஸால் அடைக்க முடியாது. எவ்வளவு விலை உயர்ந்த ஆன்டிவைரஸ் வாங்கினாலும் இதே கதைதான். உங்கள் கணினி ஏற்குமானால் 11க்கு மாறுவதுதான் முதல் வேலை.

இரண்டாம் படி: டிஃபென்டர் போதுமா, வேறு வேண்டுமா?

ஒன்றிரண்டு பேர் பயன்படுத்தி, திருட்டு மென்பொருள் எதுவும் ஏற்றாத வீட்டுக்கு டிஃபென்டரே போதும் என்பது என் முடிவு. அத்தைக்கும் அதையேதான் வைத்துக் கொடுத்தேன்.

காசு கொடுத்து வாங்குவதில் பொருள் இருக்கும் வீடுகளும் உண்டு. பிள்ளைகள் எந்நேரமும் பயன்படுத்தும் கணினி, கணினியோடு போன்களுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு வேண்டும் என்பவர்கள், தமிழிலோ ஆங்கிலத்திலோ போனில் கூப்பிட்டு உதவி கேட்க ஓர் ஆள் வேண்டும் என்பவர்கள் வாங்கலாம்.

நம் ஊரில் தனியாகக் கவனிக்க வேண்டியது பென் டிரைவ். சிட்டா, பட்டா நகல் அச்சடிக்க ஜெராக்ஸ் கடைக்குப் பென் டிரைவைக் கொண்டுபோகிறோம். அந்தக் கடைக் கணினியில் ஒரு நாளைக்கு எத்தனை பேருடைய பென் டிரைவ் செருகப்படும் என்று எண்ணிப் பாருங்கள். திரும்பி வந்து வீட்டில் திறந்தால் போல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நிற்கும். அதில் ஒன்றை அழுத்தினால் வைரஸ் ஓடத் தொடங்கும். அதனால் பென் டிரைவைச் செருகியதும் திறக்காமல், அதன் பெயரின் மேல் வலது பொத்தானை அழுத்தி ஸ்கேன் செய்யுங்கள். எந்த ஆன்டிவைரஸ் வைத்திருந்தாலும் இந்தப் பழக்கம் வேண்டும்.

மூன்றாம் படி: மதிப்பெண் பட்டியலைப் பாருங்கள்

எல்லா நிறுவனமும் தன்னுடையதுதான் முதல் இடம் என்று சொல்லும். ஆன்டிவைரஸ்களைச் சோதித்து முடிவுகளை இலவசமாக வெளியிடும் ஆய்வகங்கள் இருக்கின்றன. ஜெர்மனியின் மக்டபர்க் நகரில் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரில் ஏவி-கம்பேரடிவ்ஸ், லண்டனில் எஸ்இ லேப்ஸ். தொடங்குபவருக்கு ஏவி-டெஸ்ட் எளிது. பாதுகாப்பு, கணினியின் வேகம், பயன்பாட்டு வசதி என மூன்று பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் 6 மதிப்பெண், மொத்தம் 18. மூன்றாவது பாடத்தில், நல்ல கோப்பை வைரஸ் என்று தவறாகப் பிடிக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

மொத்தத்தை மட்டும் பார்க்காமல் இரண்டாவது பாடத்தையும் பாருங்கள். 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினியில் கனமான ஆன்டிவைரஸ் ஏறினால், எக்செல் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். ஒரே ஒரு முறை வந்த மதிப்பெண்ணை நம்பாமல், ஓராண்டு முடிவுகளைப் புரட்டிப் பாருங்கள்.

இந்த ஆய்வகங்களின் பட்டியலில் எங்கேயும் இல்லாத, நீங்கள் கேள்விப்படாத பெயர் என்றால் விட்டுவிடுங்கள்.

நான்காம் படி: நிறுவனத்தின் நடத்தையை விசாரியுங்கள்

நான் மிகவும் முக்கியமாக நினைப்பது இதைத்தான். ஆன்டிவைரஸ் உங்கள் கணினியில் உள்ள எல்லாக் கோப்பையும் திறந்து பார்க்கும். நீங்கள் போகும் இணையதளங்களையும் கவனிக்கும். வீட்டுச் சாவியைக் கொடுத்து வைப்பது போன்றது இது. வாங்கிக்கொள்பவர் யார் என்று விசாரிக்க வேண்டாமா?

ஓர் எடுத்துக்காட்டு. உலகெங்கும் கோடிக்கணக்கானவர்கள் பயன்படுத்திய அவாஸ்ட், பயனர்கள் எந்தெந்தப் பக்கங்களைப் பார்த்தார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனம் வழியாக விற்றது. அது வெளியே தெரிந்ததும் 2020இல் ஜம்ப்ஷாட்டை மூடியது. 2024இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொல்லி, விளம்பரத்துக்காக அப்படி விற்பதற்கும் தடை விதித்தது. அதே 2024இல் ரஷ்ய நிறுவனமான கேஸ்பர்ஸ்கியின் விற்பனைக்கு, நாட்டுப் பாதுகாப்பைக் காரணம் காட்டி அமெரிக்கா தடை போட்டது. சோதனையில் நல்ல மதிப்பெண் வாங்கும் நிறுவனங்கள்தாம் இரண்டும். அதனால்தான் மதிப்பெண்ணோடு நடத்தையையும் பார்க்கச் சொல்கிறேன்.

வாங்க நினைக்கும் பெயரோடு 'பிரைவசி' என்று சேர்த்துத் தேடி, செய்திகளைப் படியுங்கள். நிறுவிய பிறகு அமைப்புகளில், தகவல் பகிர்வு, விளம்பரச் சலுகை என்று இருப்பவற்றை அணைத்துவிடுங்கள். நம் நாட்டு நிறுவனங்களும் இருக்கின்றன: கே7 சென்னையைச் சேர்ந்தது, குயிக் ஹீல் புனேயைச் சேர்ந்தது. உள்ளூர் உதவி வேண்டுபவர்கள் இவற்றையும் அதே சோதனைக்கு உட்படுத்திப் பாருங்கள்.

ஐந்தாம் படி: விலையைப் படியுங்கள்

முதலாண்டு விலை குறைவாகவும், புதுப்பிக்கும்போது பல மடங்காகவும் இருக்கலாம். இரண்டையும் கேளுங்கள். எத்தனை கருவிகளுக்கு என்று பாருங்கள். இணையத்தில் கார்டு மூலம் வாங்கினால், தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றே அணைத்துவிடுங்கள். கடையில் வாங்கினால், பெட்டியின் உறையும், மென்பொருளை இயக்கும் 'கீ' எண்ணின் மறைப்பும் பிரிக்கப்படாமல் இருக்க வேண்டும், பில் கேளுங்கள்.

'கிராக்' செய்த, அதாவது பணம் கட்டாமல் ஓட வைத்த திருட்டு ஆன்டிவைரஸை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அதை ஏற்றுவதற்கு முதலில் இருக்கும் காவலை அணைக்கச் சொல்வார்கள். அணைத்த அந்த நேரத்தில் உள்ளே வருவது என்ன என்று யாருக்கும் தெரியாது.

ஆறாம் படி: நிறுவி, சோதித்துப் பாருங்கள்

கூகுளில் தேடும்போது மேலே 'ஸ்பான்சர்டு' என்று வருவதை அழுத்தாதீர்கள். நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். அதற்கு முன் பழைய ஆன்டிவைரஸை முழுதாக நீக்கி, கணினியை ஒரு முறை அணைத்துப் போடுங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் இரட்டிப்புப் பாதுகாப்பு கிடைக்காது. நீங்கள் ஒரு கோப்பைத் திறக்கும் கணத்தில் இரண்டும் அதையே பிடித்து இழுக்கும், கணினி திணறும். வேறொன்றை நிறுவினால் டிஃபென்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும்.

வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள ஐகார் சோதனைக் கோப்பு இருக்கிறது. வெறும் 68 எழுத்துகள். எந்தத் தீங்கும் செய்யாது. எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸ் போலப் பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஐகார் தளத்திலிருந்து அதை இறக்கிப் பாருங்கள். உடனே தடுத்தால் காவல் விழித்திருக்கிறது.

கணினியில் ஏற்கெனவே ஏதோ புகுந்திருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால், மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் இலவசமாக நீக்கும் கருவிகள் கிடைக்கின்றன. போலி எச்சரிக்கையை நம்பிப் பணம் கட்டிவிட்டீர்கள் என்றால், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். வங்கியிலும் சொல்லிக் கார்டை முடக்குங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

அத்தை வீட்டில் கிளம்பும் முன் கடைசியாக ஒன்று செய்தேன். லோடு கணக்கு போல்டரை ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, வயரைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். செருகியே வைத்திருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் அத்தை தானே நகலெடுத்து, அதைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறார்.