செவில்ல ஒயின், தபாஸ்னு நடக்கப் போறீங்களா? இதையெல்லாம் பண்ணிடாதீங்க

ஸ்பெயின்ல செவிலுக்கு தபாஸ் (பார்ல ஒயினோட சாப்பிடற சின்னச் சின்ன தட்டு ஐட்டம்) தேடிப் போறவங்க பண்ற முதல் தப்பு நேரத்துலதான், நாங்களும் அதையேதான் பண்ணோம். சாயந்திரம் ஆறரைக்கு நல்ல பசியோட கதீட்ரல் பக்கம் சுத்தினா ஒண்ணு கடை சாத்திருக்கு, இல்ல கடை திறந்திருக்கு கிச்சன் மூடியாச்சு, கடைசில வாசல்ல போட்டோ மெனு மாட்டி வச்சிருந்த ஒரு இடத்துல மைக்ரோவேவ்ல சுட வச்ச பயேயாவை (ஸ்பெயின் ஊரு அரிசிச் சாப்பாடு) தின்னுட்டு ரூமுக்கு வந்து படுத்தோம். அந்த ஊர்ல மதிய சாப்பாடே ரெண்டு மணிக்கு மேலதான், ராத்திரிக்கு எட்டரை ஒன்பது ஆகணும். பிரிட்டனுக்கு நேர் கீழ இருக்கற நாடு, ஆனா 1940ல இருந்து ஜெர்மனி நேரத்தை வச்சிருக்காங்க, அதனால ஜூன் மாசம் சூரியன் மறையவே ஒன்பதே முக்கால் ஆகுது, அப்புறம் எப்படி ஏழு மணிக்கு டின்னர் கிடைக்கும்.

ஜூலை ஆகஸ்ட்ல 40 டிகிரி தாண்டறது அங்க சாதாரணம். நமக்கு பழகின வெயில்தானேன்னு மதியம் மூணு மணிக்கு நடக்கறவங்களை பாத்திருக்கேன், வேணாங்க. காலைல கதீட்ரல், அல்காசார் அரண்மனை முடிச்சுட்டு ரெண்டு மணிக்கு சாப்பிட்டு ரூம்ல ஒரு தூக்கம் போட்டு, எட்டு மணிக்கு மேல தபாஸ் நடை ஆரம்பிங்க. அல்காசாருக்கு டிக்கெட் முன்னாடியே ஆன்லைன்ல எடுத்துடணும், நேர்ல போய் பாத்துக்கலாம்னா க்யூலயே பாதி நாள் போயிடும். கதீட்ரலோட கோபுரம் ஹிரால்டா, 12ஆம் நூற்றாண்டுல மசூதி மினாரா கட்டினது, முழங்கால் வலின்னு சிலர் ஏறாமலே விட்டுடறாங்க, ஆனா உள்ள படியே கிடையாது, பாங்கு சொல்றவர் குதிரைலயே மேல போகணும்னு சரிவா பாதை போட்டிருக்காங்க, கடைசில மட்டும் கொஞ்சம் படி. ஹீல்ஸ் மட்டும் வேணாம், தெரு பூரா உருண்டைக் கல்லு.

டூர் புக் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க, எத்தனை பேர் வருவாங்க, சாப்பாடும் ஒயினும் காசுல சேர்த்தியா இல்லையா. இருபத்தஞ்சு பேரை கூட்டிட்டுப் போனா எந்த நல்ல பார்லயும் நுழைய முடியாது, அதுங்க எல்லாம் நம்ம டீக்கடை சைஸ்தான். சாந்தா க்ரூஸ் சந்துகள்ல காதல் கதை மட்டும் சொல்லிட்டுப் போற கைடும் எனக்கு பிடிக்காது. அது யூதர்கள் இருந்த பகுதி, 1391ல அவங்களை கூட்டமா கொன்னாங்க, சாந்தா மரியா லா ப்ளாங்கா சர்ச் அதுக்கு முன்னாடி அவங்க ஜெபக்கூடம். இதை சொல்லாம அந்த சந்துல நடந்து என்ன பிரயோஜனம்.

இப்ப முக்கியமான தப்புக்கு வரேன். ஒரே பார்ல டேபிள் பிடிச்சு உக்காந்து ஆறு ஐட்டம் மொத்தமா ஆர்டர் பண்றது. தபாஸ்னா ஒரு கடைல ஒரு கிளாஸ், ஒரு தட்டு, கவுன்டர்ல நின்னுக்கிட்டே முடிச்சுட்டு அடுத்த கடை, அவ்ளோதான். ஒவ்வொரு பாருக்கும் கைவந்த ஐட்டம் ஒண்ணு ரெண்டுதான் இருக்கும், பக்கத்துல நிக்கறவர் தட்டுல என்ன இருக்குன்னு பாத்து அதையே கேளுங்க. அளவை சொல்லாம விட்டா மாட்டிப்பீங்க, சின்னது தபா, அதுக்கு மேல மெதியா ராசியோன், முழுத்தட்டு ராசியோன், நாங்க ரெண்டு பேர் ஒரு ராசியோன் வாங்கி அதோட அன்னிக்கு நடையே முடிஞ்சு போச்சு. வெளிய டேபிள்ல உக்காந்தா பல இடத்துல விலை கூட. பக்கத்து ஊரு க்ரானடால ட்ரிங்க் வாங்கினா தபா ஃப்ரீ, அதை நெனச்சுக்கிட்டு இங்க வந்து பில்லைப் பாத்து சண்டை போடாதீங்க, செவில்ல தனிக் காசுதான். 1670ல ஆரம்பிச்ச எல் ரின்கோன்சியோங்கற பார்ல கணக்கை மரக் கவுன்டர் மேலயே சாக்பீஸ்ல எழுதறாங்க, அதை பாக்கறதுக்கே ஒரு தடவை போலாம்.

ஒயின் விஷயத்துல எல்லாரும் சாங்க்ரியா (பழத்துண்டு போட்ட ரெட் ஒயின்) கேக்கறாங்க. ஊர்க்காரங்க வெயிலுக்கு குடிக்கறது தின்தோ தெ வெரானோ, ரெட் ஒயின்ல சோடாவும் ஐஸும். ஆனா இவ்ளோ தூரம் வந்துட்டு ஷெர்ரி (ஸ்பிரிட் கலந்து ஸ்ட்ராங் ஆக்கின ஒயின்) குடிக்காம போனா எப்படி, அது பிறந்த ஹெரெஸ் ஊரு ட்ரெயின்ல ஒரு மணி நேரம்தான். ஷெர்ரின்னா இனிப்புன்னு நெனச்சு ஒதுக்கறது அடுத்த தப்பு, ஃபீனோங்கற ஷெர்ரி வகை ஒரு பொட்டு இனிப்பில்லாம ஜில்லுனு வரும், ஈஸ்ட் ஒரு ஏடு மாதிரி மேல படர்ந்து காத்து படாம பாத்துக்கறதால அந்த ருசி. சின்ன கிளாஸ்தானேன்னு நாலு அடிச்சா தெரியும், சாதா ஒயினை விட ஸ்ட்ராங், 15 சதவீதம் ஆல்கஹால். மன்ஸானியாவும் அதே ஜாதி, கடலோர சான்லூகார் சரக்கு, ஆனா சீமைச் சாமந்தி (கெமோமில்) டீக்கும் அங்க அதே பேருதான். காபி கடைல போய் ஸ்டைலா மன்ஸானியா கேட்ட என் ஃப்ரெண்டுக்கு ஆவி பறக்க ஒரு டீ பையோட வெந்நீர் வந்துச்சு. கோபா தெ மன்ஸானியான்னு கேளுங்க.

சைவக்காரங்க கவனிக்க. கறி வேணாம்னு மட்டும் சொன்னா பத்தாது, அவங்க கணக்குல ஹாமோனும் (உப்புல பதப்படுத்தின பன்னித்தொடை) டூனா மீனும் கறில சேராது. சால்மோரெஹோ வெறும் தக்காளி சூப்தானேன்னு வாங்கினா மேல முட்டையும் பன்னித்துண்டும் தூவி வரும், தூவாம குடுன்னு முன்னாடியே சொல்லணும். என் வீட்டுக்காரி மூணு நாள் ஓட்டினது எஸ்பினாகாஸ் கோன் கர்பான்ஸோஸ்ல, கீரை கொண்டைக்கடலை சீரகம் பூண்டு, நம்ம வீட்டு கூட்டுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். பொரிச்ச கத்திரிக்காய் மேல கரும்புப் பாகு ஊத்தித் தருவாங்க, அதையும் விடாதீங்க.

கதீட்ரலை சுத்தியே எல்லா பாரையும் முடிச்சுட்டு வராதீங்க, ஆத்துப் பாலம் தாண்டி அந்தப் பக்கம் இருக்கற த்ரியானா பகுதிக்குப் போங்க. அங்க மார்க்கெட்டுக்கு கீழயே இன்குவிசிஷன் (மத விரோதின்னு ஆளுங்களைப் பிடிச்சு விசாரிச்ச கத்தோலிக்க மத விசாரணை) நடத்தின கோட்டையோட இடிபாடு இருக்கு, மேல மீன் பொரியற வாசனை.

அப்புறம் தெரு பூரா ஆரஞ்சு மரம், கை எட்டற உயரத்துல பழம் தொங்கும். பறிச்சு கடிச்சுடாதீங்க, அது மார்மலேட் போடற கசப்பு ஆரஞ்சு, நான் கடிச்சு துப்பினதை ஒரு பாட்டி பாத்து சிரிச்சிட்டே போச்சு. அந்த ஆசை இருந்தா நடை முடியற நேரத்துல ஒரு வீனோ தெ நாரான்ஹா வாங்குங்க, ஆரஞ்சு தோலை ஊறப்போட்ட இனிப்பு ஒயின், சாப்பாட்டுக்கு முன்னாடி மட்டும் வேணாம், நாக்கு இனிச்சுட்டா அப்புறம் ஃபீனோ வெறும் தண்ணிதான்.