ஐஸ்பெட்டி அலமாரிக்குப் பின்பலகை வேண்டாம்

ஐஸ்பெட்டியை (ஃபிரிட்ஜை) மறைக்க மர அலமாரி அடிக்கும்போது பின்பலகையை விட்டுவிடச் சொல்லுங்கள். அடியில் நீளமாக ஒரு துளை, மேற்பலகைக்குப் பின்னால் நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும்.

சூடான காற்று மேலே ஏறி வெளியேறும்போது கீழ்த்துளை புதுக்காற்றைத் தானாக இழுத்துக்கொள்ளும். இப்போது வரும் பல ஐஸ்பெட்டிகள் பக்கவாட்டுத் தகடு வழியாகத்தான் சூட்டை விடுகின்றன. கம்ப்ரசர் ஓடும்போது கை வைத்துப் பாருங்கள், வெதுவெதுவென்று இருக்கும். அதனால் பக்கங்களிலும் கையேட்டில் சொன்ன இடைவெளியைச் சேர்த்தே ஆசாரியிடம் அளவு கொடுங்கள். கோலாலம்பூரில் பகலில் 32, 33 டிகிரி சாதாரணம். மூடிய பெட்டிக்குள் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும், கரண்டு பில்லும் ஏறும். தவிர, பின்பலகை இல்லாததால் 8க்கு 4 அடி பிளைவுட்டில் ஏறக்குறைய பாதி மிச்சம்.

பின்பலகை இல்லாவிட்டால் அலமாரி ஆடுமே? மேலே குறுக்காக ஒரு மரப்பட்டை வைத்துச் சுவரோடு திருகிவிட்டால் சரி.

அலமாரிக்குள் பொருத்துவதற்கென்றே வரும் மாடல்கள் பல முன்பக்க அடியில் உள்ள கம்பித்தட்டி வழியாகச் சுவாசிப்பவை. அவற்றுக்குக் கையேடு சொல்வதுதான் கணக்கு. காற்று வெளியேற்றும் குழாய் உள்ள துணி உலர்த்திக்கும் இந்தத் திறந்த பின்பக்க முறை உதவாது, அந்த ஈரக்காற்று குழாய் வழியாக வீட்டுக்கு வெளியேதான் போக வேண்டும்.