ஜோர்ஜியன் பே தீவுகளுக்கு இருவராகப் படகில் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ரொறன்ரோவிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் வடக்கே போனால் ஹனி ஹாபர். ஹியூரன் ஏரியின் கிழக்குப் பக்கமான ஜோர்ஜியன் பே, 'முப்பதாயிரம் தீவுகள்' என்ற பேரோடு அங்கே விரிந்து கிடக்கிறது. நன்னீரில் உலகிலேயே பெரிய தீவுக்கூட்டம் இதுதான். நானும் மனைவியும் முதல் தடவை போனபோது இரண்டு நாளில் ஐந்து தீவு என்று திட்டம் போட்டோம். ஆற அமரப் பார்க்கப் போன இடத்தில் சாண்ட்விச்சைக்கூட ஓட்டிக்கொண்டேதான் தின்றோம், திரும்பும் வழியில் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

அதுதான் முதல் தவறு, கார்க் கணக்குப் போடுவது. வடக்கே உள்ள பேரி சவுண்ட் ஊருக்கு நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் என்றால், தண்ணீரில் பாறைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகவேண்டும், கரையிலிருந்து 30 மீட்டருக்குள் பொதுவாக மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டவும் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு தீவு போதும்.

போன் வரைபடத்தை நம்புவது அதைவிட மோசம். அதில் தண்ணீர் எல்லாம் ஒரே நீலம், ஆனால் நிஜத்தில் கருங்கல் பாறை ஒரு சாண் ஆழத்தில் காத்துக்கொண்டிருக்கும். போர்ட் செவர்னிலிருந்து பேரி சவுண்ட் வரைக்கும் சிறு படகுகளுக்கென்றே 2202 என்ற எண்ணில் கடல்வரைபடம் இருக்கிறது. அதில் போட்டிருக்கும் ஆழம் ஒரு நிலையான மட்டத்திலிருந்து அளந்தது, ஏரியோ வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கும். 2013 ஜனவரியில் வரலாறு காணாத அளவுக்குக் கீழே போனது. 'துறைமுகத்துக்குத் திரும்பும்போது சிவப்பு மிதவை வலப்பக்கம்' என்ற விதியை மனப்பாடம் செய்தாலும், தீவுகளுக்கு நடுவே எது போகிற திசை, எது திரும்புகிற திசை என்பதையும் வரைபடம்தான் சொல்லும்.

இருவராகப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு: ஒருவர் மட்டும் ஓட்டப் பழகுவது. பெரும்பாலும் கணவர் ஓட்டுவார், மனைவி முன்னால் உட்கார்ந்து படம் எடுப்பார். சரி, ஓட்டுகிறவரே தண்ணீரில் விழுந்தால்? வாடகைப் படகு எடுக்கும்போது பாதுகாப்புப் பட்டியலை விளக்கி ஒருவரிடம் கையெழுத்து வாங்குவார்கள், மற்றவர் அந்த நேரம் கூலருக்கு ஐஸ் வாங்கிக்கொண்டு நிற்பார். அப்படி விடாதீர்கள். எஞ்சினை நிறுத்துவது, பின்னால் எடுப்பது, விழுந்தவரை ஏணிப் பக்கமாக ஏற்றுவது இவற்றை இருவரும் கரையோரமாகவே செய்து பாருங்கள். ஓட்டுகிறவர் விழுந்தால் எஞ்சின் தானாக நிற்கிற கயிற்றைச் சும்மா தொங்கவிடாமல் உடம்பில் மாட்டுங்கள்.

ஏனென்றால் இந்தத் தண்ணீர் ஜூன் மாதத்திலும் சில்லிட்டுக் கிடக்கும். இங்கே சொல்லித்தரும் கணக்கு 1-10-1: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவந்து நிதானத்துக்கு வர ஒரு நிமிடம், கை கால் வேலை செய்வது ஏறத்தாழ பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணி நேரம். பத்து நிமிடத்துக்குப் பிறகு நல்ல நீச்சல்காரருக்கும் கை ஓடாது, அந்த ஒரு மணி நேரமும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தால்தான். அதை இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டுப் போவதில் அர்த்தமே இல்லை.

பியர் கொண்டு போகிறவர்களுக்கு ஒன்று. ஒன்ராறியோவில் நிரந்தரப் படுக்கை, சமையல், கழிவறை வசதியுள்ள படகில், அதுவும் நங்கூரமிட்டோ கட்டியோ நிற்கும்போதுதான் குடிக்கலாம். போதையில் ஓட்டிப் பிடிபட்டால் கார் லைசென்சும் போகும்.

நங்கூரத்தை மட்டும் நம்பித் தூங்காதீர்கள், அடியில் வெறும் பாறை என்றால் பிடிக்காது. இன்னொரு கயிற்றைக் கரையில் ஒரு பைன் மரத்தில் கட்டுங்கள். மேற்குக் காற்று பலத்தால் திறந்த பக்கத்தில் அலை எழும்பும், அப்படிப்பட்ட நாளில் தீவின் மறைவிலேயே இருந்துவிடுவது நல்லது.

அப்புறம், போசலே தீவில் வெறுங்காலோடு நடக்கவேண்டாம். ஒன்ராறியோவின் ஒரே விஷப்பாம்பான மசசாகா அங்கே இருக்கிறது, சீண்டாவிட்டால் தன்பாட்டில் போய்விடும். அடுத்த வருடம் மனைவி முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தாள். இரண்டு நாளில் ஒரு பாம்பையும் காணவில்லை, அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.