செவன் சிஸ்டர்ஸ்: லண்டனிலிருந்து ஒரே நாளில் போய்வருவது எப்படி

லண்டனில் இருந்துகொண்டு ஒரு நாளில் போய்வர நல்ல கடற்கரை எது என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது செவன் சிஸ்டர்ஸ்தான். கிழக்கு சசெக்ஸில், சீஃபோர்டுக்கும் ஈஸ்ட்போர்னுக்கும் நடுவே, புல் மூடிய குன்றுகள் வரிசையாக ஏறி இறங்கி, கடல் பக்கம் மட்டும் வெள்ளைவெளேரென்று செங்குத்தாக அறுந்து நிற்கும். ஆனால் நிறையப் பேர் இந்த வரிசையின் கிழக்கு முனையில் இருக்கும் பர்லிங் கேப்புக்கு நேராகக் காரில் போய், கொஞ்ச நேரம் நின்று, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதில் பாதி அழகு போய்விடுகிறது, ஏனென்றால் அந்தக் குன்றுகளின் மேலே நிற்பவருக்கு அவற்றின் வெள்ளை முகம் சரியாகத் தெரியாது. முழு வரிசையும் தெரிய வேண்டுமென்றால் கக்மியர் ஆற்றுக்கு மேற்கே, சீஃபோர்ட் ஹெட் என்ற கடலோர மேட்டுப் பக்கம் போய் நிற்க வேண்டும்.

அதனால் பயணத்தைச் சீஃபோர்டில் தொடங்கி கிழக்கே ஈஸ்ட்போர்னை நோக்கி நடக்கும்படி திட்டமிடுங்கள். காட்சி மட்டும் காரணமில்லை. இந்தக் கரையில் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான் காற்று அடிக்கும், அது முதுகில் தள்ளுவதற்கும் முகத்தில் அறைவதற்கும் உள்ள வித்தியாசம் நாலாவது குன்று ஏறும்போது நன்றாகவே தெரியும். தவிர, சீஃபோர்ட் சின்ன ஊர், ஈஸ்ட்போர்னில் சாப்பிட இடமும் திரும்ப ரயிலும் அதிகம். களைத்துப் போய்ச் சேரும் ஊரில்தான் அதெல்லாம் வேண்டும்.

நாள் குறிப்பதற்கு முன் இரண்டு நேரங்களைப் பாருங்கள், ரயில் நேரம் அப்புறம். ஒன்று சூரியன் மறையும் நேரம். ஜூனில் இரவு 9 மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். இன்னொன்று கடல் ஏற்ற இறக்கம். பக்கத்திலுள்ள நியூஹேவன் துறைமுகத்துக்கான அட்டவணை இணையத்தில் கிடைக்கும். குன்றின் மேலேயே நடப்பவருக்கு அது பெரிதாகத் தேவைப்படாது. ஆனால் கீழே கடற்கரையில் இறங்க ஆசை வந்தால், அன்று நீர் வற்றும் நேரம் எது என்று கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். கக்மியர் ஆறு கடலில் சேரும் கக்மியர் ஹேவனுக்கும் பர்லிங் கேப்புக்கும் நடுவே மேலே ஏறிவர வழியே கிடையாது. நீர் ஏறினால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பாறைச் சுவர், நடுவில் நீங்கள். பாறை அடி வழியாகவே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

போகும் வழி எளிது. லண்டன் விக்டோரியாவிலிருந்து ரயில் ஏறி, லூயிஸில் மாறி சீஃபோர்ட், எல்லாம் சேர்த்துச் சுமார் ஒன்றரை மணி நேரம். காலை 10 மணிக்குள் சீஃபோர்டில் இறங்கிவிட்டால் நாள் தாராளமாக இருக்கும். போவது ஓர் ஊர், திரும்புவது வேறு ஊர் என்பதால், சீஃபோர்டுக்கு எடுத்த ரிட்டர்ன் டிக்கெட் ஈஸ்ட்போர்னிலிருந்தும் செல்லும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள், கவுண்டரில் இரண்டு ஊரையும் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். 3 முதல் 9 பேர் சேர்ந்து போனால் குரூப்சேவ் என்ற குழுச் சலுகையைக் கேளுங்கள், நெரிசல் இல்லாத நேரத்து டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும், ரயில்கார்டு என்ற தள்ளுபடி அட்டை கூட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் தண்டவாள வேலை இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். ரயிலுக்குப் பதில் பஸ் என்று போட்டிருந்தால் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

சீஃபோர்ட் ஸ்டேஷனிலிருந்து கடலோரம் வந்து, இடது கைப்பக்கம் திரும்பி நடந்தால் சீஃபோர்ட் ஹெட் ஏற்றம். அதைத் தாண்டி ஹோப் கேப் வழியாக இறங்கும்போது கடலோரக் காவலர்களுக்காகக் கட்டிய பழைய வீடுகள் சில தெரியும், அவற்றின் பின்னணியில் ஏழு குன்றுகளும் வரிசையாக நிற்கும். அவசரப்படாமல் உட்காருங்கள், அன்றைய நாளின் மிகச் சிறந்த காட்சி இதுதான். கோடைக் காலையில் பாறை முகத்தில் நிழல் விழுந்து சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், மதியத்துக்குப் பிறகுதான் வெயில் நேராகப் பட்டுப் பளிச்சென்று ஆகும். போட்டோதான் முக்கியம் என்பவர்கள் முழு நடையை விட்டுவிட்டு மாலையில் இங்கே மட்டும் வரலாம்.

இங்கிருந்து பார்த்தால் எதிர்க்கரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, ஆற்றைக் கடந்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். முகத்துவாரத்தில் பாலம் இல்லை, இழுப்பும் அதிகம். ஆற்றோரமாக உள்ளே நடந்து எக்சீட் பாலத்தில்தான் கடக்க வேண்டும், போக வர கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கூடும். அந்த நடை வீண் இல்லை, கக்மியர் வளைந்து வளைந்து கிடப்பது அந்த வழியில்தான் தெரியும். எக்சீட்டில் பார்வையாளர் மையம், கழிப்பறை, சாப்பிட இடம் எல்லாம் உண்டு. தண்ணீர் பாட்டிலை இங்கே நிரப்பிக்கொள்ளுங்கள், அடுத்தது பர்லிங் கேப்பில்தான்.

அப்புறம்தான் உண்மையான ஏற்ற இறக்கம். முதல் குன்றான ஹேவன் பிரோதான் எல்லாவற்றிலும் உயரம், 77 மீட்டர். பெயர் ஏழு என்றாலும் எண்ணிப் பார்த்தால் எட்டு வரும், அதில் சின்னதான ஒன்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

விளிம்பைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். இது சாக்பீஸ் போல மெத்தென்ற பாறை, அலை அடியில் அரித்துக்கொண்டே இருக்கும், மேலே புல்தரை அப்படியே காற்றில் நீட்டிக்கொண்டு நிற்கும். மேலே நிற்பவருக்குக் காலடியில் ஒன்றுமில்லை என்பது தெரியவே தெரியாது. பெரும்பாலான இடங்களில் வேலியும் கிடையாது. புல்லில் விளிம்புக்கு இணையாக ஒரு விரிசல் ஓடினால் அதற்கு அப்பால் கால் வைக்காதீர்கள். எப்போதும் 5 மீட்டராவது உள்ளே நடங்கள், குழந்தைகள் கையை விடாதீர்கள். கீழேயும் அதே விதிதான், பாறைச் சுவரை ஒட்டி உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, எச்சரிக்கை இல்லாமல் டன் கணக்கில் சரியும். யாராவது மாட்டிக்கொண்டால் அவசர எண் 999 அழைத்துக் கோஸ்ட்கார்டு (கடலோரக் காவல்) என்று கேளுங்கள், நீங்களே இறங்கப் போகாதீர்கள்.

பர்லிங் கேப்பில் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் கஃபே இருக்கிறது, கடற்கரைக்கு இறங்க இரும்புப் படிக்கட்டும் உண்டு. அரிப்பினால் சில சமயம் படிக்கட்டை மூடிவிடுவார்கள், அதையே நம்பி வராதீர்கள். கீழே இறங்க முடிந்தால் சற்றுத் தள்ளி நின்று பாறை முகத்தைப் பாருங்கள், வெள்ளைக்குள் கரிய சிக்கிமுக்கிக் கற்கள் கோடு கோடாகப் படிந்திருக்கும். கால் ஓய்ந்துவிட்டால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஈஸ்ட் டீன் கிராமம் வரை அரை மணி நேரம் நடந்தால் 12ஆம் எண் பஸ் ஈஸ்ட்போர்னுக்கும் போகும், சீஃபோர்டு வழியாகப் பிரைட்டனுக்கும் போகும்.

தெம்பு இருந்தால் தொடருங்கள். வழியில் பெல் டூட் கலங்கரை விளக்கம் வரும். விளிம்பு நெருங்கிவிட்டதால் 1999இல் முழுக் கட்டடத்தையும் அப்படியே 17 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள். அடுத்து பீச்சி ஹெட், 162 மீட்டர், பிரிட்டனிலேயே உயரமான சுண்ணப்பாறைக் கடல்முகடு. அடியில் கடலுக்குள் நிற்கும் சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கம் 1902இல் வந்தது. அங்கிருந்து இறங்கினால் ஈஸ்ட்போர்ன். மொத்தம் ஏறக்குறைய 22 கிலோமீட்டர், சாப்பாட்டு நேரம் சேர்த்து 7 மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்கள், சின்னக் குழந்தைகள் கூட வந்தால் இதெல்லாம் வேண்டாம். ஈஸ்ட்போர்ன் அல்லது சீஃபோர்டிலிருந்து 12ஆம் எண் பஸ்ஸில் எக்சீட் வந்து, ஆற்றோரமாகக் கடல் வரை போய்வாருங்கள். சமதரை, ஒரு பக்கம் சுமார் 2 கிலோமீட்டர், குழந்தை வண்டியும் தள்ளலாம். பர்லிங் கேப்பில் கூட்டத்துக்குள் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நிழல் என்று ஒரு மரம் கிடையாது, மேகம் இருந்தாலும் தொப்பியும் சன்ஸ்கிரீனும் வேண்டும். மழை பெய்த மறுநாள் இந்த மண் வழுக்கும், நல்ல பிடி உள்ள ஷூ போடுங்கள், குடையை வீட்டிலேயே விடுங்கள், காற்று அதைப் பிய்த்துவிடும். சாப்பாடு கையில் பிடித்துச் சாப்பிடும்படி சப்பாத்தி ரோல் மாதிரி இருக்கட்டும், திறந்து வைத்தால் கடற்காகம் வந்து கொத்திக்கொண்டு போகும். திரும்பும் கடைசி ரயிலைக் குறித்து வைத்துக்கொண்டு, அதற்கு முந்தின ரயிலையே உங்கள் ரயிலாக நினைத்து நடங்கள்.