புகைக்கு வழிவிடும் தவறுகள்

அடுக்குமாடியில் தீ என்றதும் நம் கண் தேடுவது நெருப்பைத்தான். ஆனால் உயிரை வாங்குவதில் பெரும்பங்கு புகைக்கு. 2011 டிசம்பர் 9 அதிகாலை கொல்கத்தாவின் தாகுரியா பகுதியில் இருந்த ஒரு மருத்துவமனையின் அடித்தளத்தில் தீப்பிடித்தது. மேல்மாடிகளில் படுத்திருந்த நோயாளிகள் உட்பட சுமார் 90 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் மூச்சுத் திணறி. 2022 செப்டம்பர் 12 இரவு செகந்திராபாதில் ஒரு கட்டடத்தின் கீழே மின் ஸ்கூட்டர் விற்பனையகம், மேலே தங்கும் விடுதி. எரிந்தது கீழே, இறந்த 8 பேர் மேலே. இரண்டு இடத்திலும் கீழிருந்த புகை கட்டடத்துக்குள்ளேயே மேலேறும் வழியைக் கண்டுபிடித்தது. நம் குடியிருப்புகளில் அந்த வழிகளை நாமே திறந்து வைத்திருக்கிறோம்.

முதல் வழி படிக்கட்டு. நான்கு மாடிக் குடியிருப்பு பலவற்றில் இறங்க ஒரே படிக்கட்டுதான். அதன் அடியில் ஈபி மீட்டர் போர்டு, பக்கத்தில் பைக்குகள், ஓரத்தில் யாரோ காலி செய்தபோது விட்டுப்போன மெத்தை, கட்டிவைத்த பழைய பேப்பர், பாதி பெயின்ட் டப்பா. தீப்பொறி வரும் இடத்தையும் தீனியையும் ஒன்றாக வைத்து, அதன் தலைக்கு மேல் புகைபோக்கி கட்டியதற்குச் சமம் இது. செயற்கைப் பஞ்சு மெத்தை எரிந்தால் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சு வாயுவும் வரும். சில மூச்சுகளிலேயே நிதானம் தப்பும். இப்போது அதே இடத்தில் மின் ஸ்கூட்டருக்கு இரவு முழுக்கச் சார்ஜ் போடுகிறார்கள். லித்தியம் பேட்டரி ஒருமுறை பற்றிக்கொண்டால் உள்ளிருக்கும் செல்கள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொண்டே போகும், தீயணைப்பான் பொடியடித்து அணைக்க முடியாது. சார்ஜ் பாயின்ட்டைக் காம்பவுண்டின் திறந்த பக்கத்துக்கு மாற்றுங்கள். மீட்டர்கள் மரப்பலகையில் இருந்தால் உலோகப் பெட்டிக்கு மாற்றச் சொல்லுங்கள். படிக்கட்டின் உச்சியில் காற்றுக்காக விட்ட ஜாலியை மழைச்சாரல் வருகிறதென்று தகரம் அடித்து மூடியிருந்தால் பிரித்துவிடுங்கள். கீழே புகை எழுந்தால் அது வெளியேறுவதற்கு இருக்கும் ஒரே வாய் அதுதான்.

அடுத்தது கதவு. தீப் பாதுகாப்பைச் சோதிக்கும் அமெரிக்காவின் யூஎல் ஆய்வகம் ஒரே அளவுள்ள இரண்டு அறைகளை எரித்துப் பார்த்தது. பருத்தி, மரம் என்று பழைய பாணி சாமான்கள் இருந்த அறை முழுவதும் ஒரே பிழம்பாக மாற ஏறக்குறைய அரைமணி நேரம் ஆனது. செயற்கைப் பஞ்சு சோஃபாவும் பாலியெஸ்டர் திரையும் இருந்த அறைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நம் வரவேற்பறைகள் எந்த வகை என்று சொல்ல வேண்டியதில்லை. அதே குழுவின் வேறு சோதனைகளில், வீட்டில் தீ எரியும்போது கதவு திறந்திருந்த படுக்கையறையின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. கதவு மூடியிருந்த அறையில் 40 டிகிரிக்குள் நின்றது. கார்பன் மோனாக்சைடு முதல் அறையில் 10,000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 10,000 பங்கு), இரண்டாவதில் சுமார் 100. சாதாரண மரக்கதவு செய்த வேலை இது. படுக்கும்போது கதவை மூடிக்கொள்ளுங்கள்.

இங்கேதான் நல்லெண்ணத்தில் செய்யும் ஒரு பிழை. “புகை போகட்டும்” என்று எரியும் அறையின் ஜன்னலை உடைப்பது, கதவை அகலத் திறப்பது. காற்றில்லாமல் திணறிக்கொண்டிருந்த தீக்கு அது ஊதுகுழல். வெளியே ஓடும்போது வீட்டு வாசற்கதவைத் திறந்து போட்டுவிட்டு ஓடுவதும் அப்படியே: உங்கள் வீட்டுப் புகை மேல்மாடிக்காரர்களின் படிக்கட்டுக்குள் நுழைகிறது. 2017இல் லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் பிடித்த தீயில் 72 பேர் இறந்தார்கள். வீட்டுக் கதவுகள் பல தானாக மூடிக்கொள்ளாமல் போனதும் நடைவழியில் புகை நிறைய ஒரு காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. உயர்ந்த கட்டடங்களில் படிக்கட்டுக் கதவு தானாக மூடும்படி வைத்திருப்பது இதற்காகத்தான். அதற்குச் செங்கல் முட்டுக் கொடுத்து வைப்பவர்களிடம் அசோசியேஷன் கொஞ்சம் கறாராகவே பேசலாம்.

தீ கீழே இருக்கும்போது மொட்டை மாடிக்கு ஓடுவது இன்னொன்று. புகையும் அங்கேதான் போகிறது, உங்களைவிட வேகமாக. போதாததற்கு மாடிக்கதவு பூட்டியிருக்கும், சாவி வாட்ச்மேனிடம் இருக்கும். படிக்கட்டு தெளிவாக இருந்தால் இறங்குங்கள், லிஃப்ட் வேண்டாம். வாசற்கதவைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ, கொஞ்சம் திறந்ததும் புகை அடித்தாலோ உள்ளேயே இருங்கள். கதவின் அடி இடுக்கில் ஈரத்துணியை அடைத்து, தெருப்பக்கப் பால்கனிக்குப் போய்க் கதவை உங்களுக்குப் பின்னால் சாத்திக்கொண்டு கையசையுங்கள். பால்கனியை முழுக்கக் கிரில் போட்டு அடைத்தவர்கள், ஆள் நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு வைத்து, அதன் சாவியைப் பக்கத்திலேயே மாட்டிவைக்க வேண்டும். திருடனுக்குப் பயந்து வைத்த கிரில் ஏணி வைத்து ஏறி வருபவரையும் தடுக்கும்.

ஸ்மோக் டிடெக்டர் வாங்குபவர்கள் செய்யும் முதல் தவறு சமையலறையில் மாட்டுவது. தாளிப்புக்கெல்லாம் அலறும், இரண்டாம் வாரம் பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். அடுப்பிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி, படுக்கையறைகளுக்குப் போகும் வழியில், கூரையில் மாட்டுங்கள். சமையலறைக்கு ஹீட் டிடெக்டர் போதும். பெரும்பாலானவை 57 டிகிரியை ஒட்டி அலறும். சீலிங் ஃபேனின் இறக்கை நுனியிலிருந்தும் ஏசி காற்று வாயிலிருந்தும் ஒரு மீட்டராவது விலகியிருக்கட்டும், இல்லையென்றால் புகை அதைத் தொடும் முன்பே கலைந்துபோகும். ஒளியைக் கொண்டு புகையைக் கண்டறியும் ஃபோட்டோஎலக்ட்ரிக் வகையைக் கேட்டு வாங்குங்கள்; கனன்று புகையும் மெத்தையை அது சீக்கிரம் பிடிக்கும். மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திப் பாருங்கள். பத்து வருடமானால் பேட்டரியை மட்டுமல்ல, கருவியையே மாற்ற வேண்டும். கருவியே தேவையில்லை, வாசனை வந்தால் விழித்துக்கொள்வோம் என்று இருப்பவர்களுக்கு: தூக்கத்தில் மூக்கு காவல் காக்காது. குழந்தைகள் அலாரத்தின் கீச்சொலிக்கே எழாமல் தூங்குவதுண்டு. 520 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலி கூடுதலாக எழுப்புகிறது என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். எனவே பிள்ளைகளை எழுப்புவது யார் பொறுப்பு என்று பெரியவர்கள் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தில் எல்லாரும் குற்றம் சொல்வது “ஷார்ட் சர்க்யூட்”டை. அதற்கு முந்தைய தவறு பல வீடுகளில் எம்சிபியை, அதாவது மின்சாரம் அளவுமீறினால் தானாக விழும் சுவிட்சை, மாற்றியது. அடிக்கடி விழுகிறதென்று 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 போடுகிறார்கள். சுவருக்குள் இருப்பது அதே பழைய வயர். முன்பு எம்சிபி விழுந்தது, இனி வயர் உருகும். 2,000 வாட் இன்டக்‌ஷன் அடுப்போ கெய்சரோ 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் சாக்கெட்டில் கன்வெர்ட்டர் பிளக் வைத்துச் செருகினால் எம்சிபி விழாமலே போகலாம், சாக்கெட் மட்டும் மெல்லப் பழுத்துக் கறுக்கும். பழுப்பேறிய சாக்கெட்டைப் பார்த்த அன்றே மாற்றுங்கள்.

சமையலறையில் மூன்று. அப்பளம் பொரிக்கும் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள்: ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1,700 லிட்டர் ஆவியாகி எரியும் எண்ணெயைக் கூரைவரை தூக்கும். அடுப்பை அணைத்து, வாணலியைத் தட்டால் மூடி, ஆறும்வரை தொடாமல் விடுங்கள். கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேன் உட்பட. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து வெளியேறுங்கள். சிலிண்டரில் வரும் சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில் தவழும். ஆகவே சிலிண்டர் வைத்திருப்பவர்கள் கேஸ் டிடெக்டரைக் கூரையில் மாட்டியிருந்தால் இறக்கித் தரையிலிருந்து ஓரடிக்குள் வையுங்கள்.

தீயணைப்பானை அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டுவது வீண். தீயைத் தாண்டிப் போய் எடுக்க முடியாது. வெளியேறும் வாசலருகில் மாட்டுங்கள். ஒரு கிலோ சிலிண்டர் சுமார் எட்டு பத்து விநாடிதான் அடிக்கும் என்பதால் இடுப்புயரத்துக்கு மேல் எழுந்த தீயோடு சண்டை போடாதீர்கள். அழுத்தம் காட்டும் முள் பச்சையில் இருப்பதே போதும் என்றும் நம்பாதீர்கள்: பொடி அடியில் இறுகிப்போயிருக்கலாம். கார்பன் டை ஆக்சைடு வகையில் முள்ளே இருக்காது, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

“யாராவது கூப்பிட்டிருப்பார்கள்” என்று பத்து நிமிடம் போய்விடுவதும் வழக்கம். நீங்களே 101 அல்லது 112ஐ அழையுங்கள். தெரு, அடையாளம், எத்தனையாவது மாடி, உள்ளே யார் சிக்கியிருக்கிறார்கள் என்பதோடு, எந்த கேட் வழியாக வண்டி வர முடியும் என்பதையும் சொல்லுங்கள். முகப்பில் புதிதாக வளைவு கட்டியிருந்தால் அதன் உயரத்தை இப்போதே டேப் வைத்து அளந்து, வாட்ச்மேன் அறையில் எழுதி ஒட்டிவையுங்கள்.