எல்லையில் திருப்பி அனுப்பப்பட்ட பிறகு மறுபடி விசா கேட்பது எப்படி

முதலில் திருப்பியனுப்பிய காரணத்தைக் கையில் எடுங்கள். ஷெங்கன் நாடென்றால் (உள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள்), 2025 ஒக்டோபரில் முத்திரைக்குப் பதிலாகக் கணினிப் பதிவு படிப்படியாக வரத் தொடங்கும் வரை, கடவுச்சீட்டில் குத்திய நுழைவு முத்திரையைக் கறுப்பு மையால் குறுக்கே வெட்டி, பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்துப் போட்டார்கள். ஈ (E) என்றால் பயண நோக்கத்துக்குப் போதிய ஆவணம் இல்லை. ஜீ (G) என்றால் செலவுக்குக் காசு போதாது. எல்லையில் தந்த மறுப்புப் படிவத்திலும் அதே காரணம் இருக்கும்.

புதுக் கடவுச்சீட்டு எடுத்தால் பழைய மறுப்பு மறைந்துவிடும் என்று புறோக்கர்மார் சொல்வதை நம்ப வேண்டாம். கைரேகை கணினியில் கிடக்கிறது. 'முன்பு நுழைவு மறுக்கப்பட்டதா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்றே எழுதுங்கள். பொய் பிடிபட்டால் கனடாவில் 5 வருடத் தடை. பிரித்தானியாவில் 10 வருடம் வரை போகலாம்.

பிறகு ஒரு பக்கக் கடிதம்: திகதி, விமான நிலையம், சொன்ன காரணம், இப்போது மாறியிருப்பது என்ன. அழுகை வேண்டாம்.

அநேகர் வழுக்குவது வங்கிக் கணக்கில்தான். விண்ணப்பத்துக்கு முதல் கிழமை யாரோ போட்ட ஐந்து லட்சம் உடனே கண்ணில் குத்தும். இலங்கையில் அம்பாறைப் பக்கம் பெரும்போக (பெரிய நெற்பருவ) அறுவடை முடிந்து மொத்தமாகக் காசு வருவது வழமை. வெளிநாட்டு அதிகாரிக்கு அது தெரியாது. நெல் விற்ற பற்றுச்சீட்டு, காணி உறுதி இரண்டையும், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதியோடு, ஆறு மாத வங்கிக் கூற்றின் பின்னால் இணையுங்கள்.

விசா கிடைத்தாலும் இந்தக் கோப்பைக் கைப்பையிலேயே வையுங்கள்; பெட்டிக்குள் போட்டால் குடிவரவு மேசையில் காட்ட முடியாது.